மனுவும் தீர்மானமும்

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன்மேல் இருந்த சிறுபாலம் ஓர் ஐப்பசி மழையில் இடிந்து விழுந்தது. மறுநாளே தெருக்காரர்கள் ஒரு பனைமரத்தை இரண்டாகப் பிளந்து குறுக்கே போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதில் நடக்கப் பழகினார்கள். பெரியவர்கள் அரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகப் பழகினோம்.

அந்தப் பாலத்துக்காக நான் இரண்டு காரியம் செய்தேன். ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து பேசி ஒரு தீர்மானம் எழுத வைத்தேன். ஐந்து மாதம் ஆகியும் ஒரு சட்டி ஜல்லிகூட வந்து இறங்காததால், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் ஆட்சியர் அலுவலகம் போய் மனுக் கொடுத்தேன். முன்னது உள்ளாட்சியின் வாசல், பின்னது மாநில அரசின் வாசல். கேட்டவனும் ஒருவன்தான், கேட்ட பாலமும் ஒன்றுதான்.

நம் ஊரில் அரசியலை ஒப்பிடுவது என்றால் இரண்டு கட்சிகளை நிறுத்துப் பார்ப்பது, இல்லையென்றால் இரண்டு தலைவர்களை. டீக்கடையில் காலையில் தொடங்கினால் மதியம் வரைக்கும் அதுவே ஓடும். குடிமகன் அரசாங்கத்தோடு நேருக்கு நேர் பேசுகிற இந்த இரண்டு வாசல்களை நாம் அவ்வளவாக நிறுத்துப் பார்ப்பதில்லை. இரண்டிலும் நின்று பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

பிறந்த கதை

கிராம சபை சட்டத்தில் பிறந்தது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் அதற்கு இடம் கொடுத்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் உருவம் கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். சட்டமன்றத்துக்குப் போக ஓட்டு வாங்க வேண்டும். இந்த மன்றத்துக்குப் போக ஓட்டு இருந்தாலே போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் நடந்துவந்த கூட்டம், 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு நாளானது.

மனுவுக்குப் பிறந்த நாள் கிடையாது. அது ராஜா காலத்து வழக்கம். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. அரசாங்கமும் அதை மறக்கவில்லை. ஆட்சியர் ஊருக்கே வந்து மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்றுதான் பெயர். நவாபு காலத்து வாசனை போகாத ஜமாபந்தி, பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதையொட்டித் தாலுகா அலுவலகங்களில் நடக்கிறது. கிராமக் கணக்கைச் சரிபார்க்க ஏற்பட்ட நாள் அது. சனங்களுக்கோ பட்டா கேட்டு மனுக் கொடுக்கும் நாள். இவை போக, வாரந்தோறும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண். 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்', 2024 ஜனவரியில் 'உங்களைத் தேடி உங்கள் ஊரில்', 2025 ஜூலை 15 அன்று தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்'. இந்தக் கடைசித் திட்டத்துக்கு 10,000 முகாம்கள், மனுவை முடிக்க 45 நாள் கெடு என்று அறிவிப்பு.

பசுவின் கதையில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. நீதி கிடைத்தது உண்மைதான். ஆனால் மணியை அடித்ததோடு பசுவின் வேலை முடிந்துவிட்டது. தேரை எந்தத் தெருவில் விடலாம், எந்தத் தெருவில் விடக்கூடாது என்று அதை யாரும் கேட்கவில்லை. மனுவின் அடிப்படை அதுதான்: அடிக்க மணி உண்டு, பேச இடமில்லை. கிராம சபையின் அடிப்படை வேறு. தேர்த்தெரு எது என்று முடிவு செய்யவே ஊரைக் கூட்டுகிறார்கள். குறைந்தபட்சம், சட்டப் புத்தகத்தில் அப்படி.

கூடுகிற இடம்

எங்கள் கிராம சபை ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் கூடியது. சாமியானா, இரண்டு சமுக்காளம், பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. யார் நாற்காலியில் உட்காருவது, யார் சமுக்காளத்தில் உட்காருவது என்று ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலனியிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் சாமியானாவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் கூட்டத்தில் முக்கால்வாசி. வராவிட்டால் அட்டையில் பெயர் அடிபடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். குறைவெண் வரம்பு என்று ஒன்று இருக்கிறது: மக்கள் தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தாக வேண்டும். ஆகவே பேச்சு தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றத் தொடங்கியது. கீழே எழுதப்போவதற்கெல்லாம் சம்மதம் என்று மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஊராட்சிச் செயலர் பொருள் பட்டியலைப் படித்தார். டெங்கு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிநீர் இணைப்பு என்று வரிசையாகப் போனது. நல்ல பொருள்கள்தான். ஆனால் அந்தப் பட்டியல் சென்னையில் தயாரானது. தமிழ்நாட்டில் இருக்கிற பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் அன்றைக்கு ஏறக்குறைய அதே பட்டியல்தான் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கும். எங்கள் பாலம் கடைசியில் 'இதர பொருள்' என்ற தலைப்பில் வந்தது. அதற்குள் டீயும் காராபூந்தியும் வந்துவிட்டதால் சபையின் பாதிக் கவனம் அங்கே போய்விட்டது. ஆனாலும் பேசினேன். நடுவில் தலைவரின் கணவர் குறுக்கிட்டார், எதிர்த்தெரு அண்ணன் அவரை மறித்துப் பேசினார், தலைவரம்மா "எழுதிக்குங்க தம்பி" என்றார். செயலர் எழுதினார்.

ஆட்சியர் அலுவலகத்தில் இந்தக் கூச்சல் இல்லை. வாசலிலேயே பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக்காரர் தொல்லை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவி, இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வருமே பிழைக்கவில்லை. கேட்கப்படாத மனுவின் கதை தமிழ்நாடு முழுக்க அந்த வாசல் சோதனையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

உள்ளே போனால் ஒழுங்கு. கணினியில் பதிந்து எண் போட்டுக் கொடுத்தார்கள். அரங்கில் வரிசை நகர்ந்தது. மேடையில் ஆட்சியர் மனுவை வாங்கி, எட்டு வினாடி படித்து, பக்கத்தில் இருந்தவரிடம் "பிடிஓகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராம சபையில் என்னை யாரும் 'ஐயா' என்று கூப்பிடவில்லை. இங்கே பெயர் பதிந்த பெண் கூப்பிட்டார்.

எழுதுகிற மொழி

ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரியும். இருந்தாலும் முறை தெரிந்தவர் எழுதட்டும் என்று ஒருவரிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவர் எழுதியது இது: நான் ஏழை எளிய கூலித் தொழிலாளி; பாலம் இல்லாததால் கர்ப்பிணிப் பெண்கள் வழுக்கி விழுகிறார்கள்.

"ஐயா, நான் ரிட்டயர்டு வாத்தியார். எங்க தெருவுல கர்ப்பிணியே கிடையாதே" என்றேன்.

"அப்படி எழுதினாத்தான் சார் படிப்பாங்க" என்றார்.

மனுவின் இலக்கணம் முழுதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கேட்பவன் எவ்வளவு தாழ்கிறானோ அவ்வளவு வலு. 'ஐயா' என்று தொடங்கி, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்து, கீழே 'இப்படிக்கு' போட வேண்டும். அதில் வருவதெல்லாம் 'நான்'. என் பட்டா, என் உதவித்தொகை, என் பாலம். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவரும் ஒரு வாய்க்கால் பற்றித்தான் மனு வைத்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவரவர் காகிதத்தை அவரவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றோம்.

தீர்மானத்தின் இலக்கணம் வேறு. எங்கள் நோட்டில் செயலர் எழுதியது, மேற்படி இடத்தில் சிறுபாலம் அமைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது என்று. அதில் ஐயா இல்லை, பணிவு இல்லை, கர்ப்பிணியும் இல்லை. ஊர் கெஞ்சவில்லை, முடிவெடுக்கிறது. படிக்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. என்ன, அதை யார் செய்வது, எந்தக் காசில் செய்வது, எப்போதைக்குள் செய்வது என்று ஒரு வார்த்தை கிடையாது. மனு பிறரைப் பார்த்துப் பேசுகிறது. தீர்மானம் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது.

போகிற பாதை

தீர்மானம் கீழிருந்து மேலே போகும். ஊராட்சியிலிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு, அங்கே மதிப்பீடு, பிறகு ஏதாவது ஒரு திட்டத்தில் நிதி. ஊராட்சிக்கென்று இருக்கிற வருமானம் பெரும்பாலும் வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும்தான். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்பது மாநில நிதி ஆணையத்தின் கணக்கு. அதில் எங்கள் ஊருக்கு வருவது தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் போனபின் பாலம் கட்ட மிஞ்சாது.

மனு மேலிருந்து கீழே வரும். ஆட்சியரிடமிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு, அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஆக, ஏறுகிற காகிதமும் இறங்குகிற காகிதமும் ஒன்றிய அலுவலகத்தின் ஒரே மேஜையில் சந்திக்கின்றன. அந்த மேஜை விவரம் கேட்டு எங்கள் ஊராட்சிச் செயலருக்கே அனுப்பியது. அவர் விவரம் கொடுத்தார். ஜூலை கடைசியில் எனக்குப் பதில் கடிதம் வந்தது. அதன் சாரம் இது: தாங்கள் கோரும் சிறுபாலம் குறித்து ஜனவரி 26 கிராம சபையில் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றப்பட்டுள்ளது; நிதி ஆதாரத்துக்கு ஏற்ப நடவடிக்கை எடுக்கப்படும்; எனவே மனு முடிவு செய்யப்பட்டது.

நான் போட வைத்த தீர்மானத்தையே எனக்குப் பதிலாகக் கொடுத்து என் மனுவை முடித்துவிட்டார்கள். அரசாங்கத்தின் கணக்கில் ஒரு குறை தீர்ந்தது. பனைமரத்தின் ஒரு பாதி அதற்குள் உளுத்துவிட்டிருந்தது.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மனுவுக்கு ஓர் எண் இருந்தது, ஒரு கெடு இருந்தது, பொய்யோ மெய்யோ எழுத்தில் ஒரு பதில் வந்தது. தீர்மானத்துக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

மனுவின் பக்கம் நின்று

கிராம சபைதான் உயர்ந்தது, மனு அடிமைப் புத்தி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். மேடைப் பேச்சாளர்கள் பழைய ஊராட்சி முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் ஊர் என்பது எல்லோருக்கும் ஒரே ஊர் அல்ல. கிராமத்தை அரசமைப்பின் அடித்தளமாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் கடுமையாக மறுத்ததற்குக் காரணம் இருந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையாகத் தலைவர் வர முடியவில்லை. 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அதே மாவட்டத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பொதுத் தொகுதியாக இருந்த பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதுதான் குற்றம்.

வேப்பமரத்தடியில் நின்றவர்கள் சாமியானாவுக்குள் வந்து உட்கார்ந்து, சுடுகாட்டுப் பாதையை மறித்தவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடியுமா? முடியாது என்கிறபோது அவர்களுக்குத் திங்கட்கிழமைதான் சபை. ஊரைத் தாண்டிப் போய்ச் சொல்ல ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமில்லை. தனி ஆளின் பட்டா, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் போன்றவற்றையும் ஊர் கூட்டி விவாதிக்க வேண்டியதில்லை. மனு அதற்குரிய இடத்தில் நல்ல கருவிதான். பாலம், குடிநீர், ஏரி, சாராயக்கடை என்று ஊர்ப் பொதுவையும் தனித்தனி மனுவாக நறுக்கிவிடுவதுதான் கோளாறு.

தீர்மானத்தின் பலம் யார் கையில்

தீர்மானம் வெறும் காகிதம் என்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டலாம். அந்த ஊர் இருக்கிற மேலூர் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. அந்த மாதம் 23-ஆம் தேதி வட்டாரத்து ஊராட்சிகள் பலவும் கிராம சபை கூட்டி எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது.

அதே மூச்சில் ஏகனாபுரத்தையும் சொல்ல வேண்டும். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று 2022 முதல் அந்த ஊர்க் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது. திட்டம் நிற்கவில்லை. இரண்டு ஊர்களின் தீர்மானத்திலும் எழுத்து ஒன்றுதான், கையெழுத்துப் போட்ட விவசாயியின் கையும் ஒன்றுபோல்தான். அரிட்டாபட்டியில் மாநில அரசு ஊரோடு நின்றது. பரந்தூரில் திட்டமே மாநில அரசினுடையது. கிராம சபையின் குரல் எப்போது மக்களின் குரல் ஆகும், எப்போது வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை ஆகும் என்பதைச் சென்னை முடிவு செய்கிறது.

சட்டமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. திங்கட்கிழமை என் மனுவை வாங்குகிற ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில், ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. இரண்டு வாசலுக்கும் சாவி ஒரே வளையத்தில் தொங்குகிறது.

தேர்தல் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளியும். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்று, ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். இடைப்பட்ட மூன்றாண்டு தனி அலுவலர் ஆட்சி. அப்போது ஆண்டது அதிமுக. அன்றைக்கு வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போது ஆண்டது திமுக. 2020-இல் கொரோனாவைக் காட்டிக் கிராம சபை நிறுத்தப்பட்டபோது, எதிர்க்கட்சியாக இருந்த திமுக ஊர் ஊராகத் தானே கிராம சபை நடத்தியது. ஆட்சிக்கு வந்ததும் 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையிலேயே போய் உட்கார்ந்தார். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் ஐந்தாண்டு முடிந்ததும் உரிய நாளில் தேர்தல் நடத்துவது அதைவிட நல்ல காரியம். அதற்குத்தான் இரண்டு கட்சிக்கும் கை வரவில்லை.

மனு முகாம்களுக்கு மட்டும் எப்போதும் தட்டுப்பாடு வந்ததில்லை. முன்பு அம்மா திட்டம், பிறகு முதல்வர், பிறகு ஸ்டாலின் என்று பெயரைப் பார்த்தாலே காரணம் புரியும். மனுவில் ஒரு காரியம் நடந்தால் நன்றி மேலே போகிறது. தீர்மானத்தில் நடந்தால் ஊர் தன் முதுகில் தானே தட்டிக்கொள்கிறது. அதில் சுவரொட்டிக்கு இடமில்லை.

ஒன்றிடமிருந்து ஒன்று

ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது எளிமையானது. மனுவுக்குக் கொடுத்த மரியாதையைத் தீர்மானத்துக்கும் கொடுங்கள்: ஓர் எண், 45 நாள் கெடு, முடியாது என்றால் காரணத்தோடு எழுத்தில் ஒரு பதில். அந்தப் பதிலை அடுத்த கிராம சபையில் முதல் பொருளாகப் படியுங்கள். ஊர்ப் பொதுக் காரியம் பற்றி எங்கே மனு வந்தாலும் அதன் நகல் அந்த ஊர்ச் சபைக்கு வரட்டும். இதற்குப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டாம். ஓர் அரசாணை போதும்.

அரசாணைக்குக் காத்திராமல் ஒன்று செய்து பார்த்தேன். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அந்தப் பதில் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். இதர பொருள் வந்ததும், இதைப் படித்து நோட்டில் ஏற்றுங்கள் என்றேன்.

"இது உங்களுக்கு வந்த லெட்டர் சார். இதைப் போய் எதுக்கு இங்க படிக்கணும்?" என்றார் பற்றாளர்.

நான் பதில் சொல்வதற்குள் சமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு சொன்னார்:

"பாலம் எங்க ஊருதுதானே தம்பி, படிங்க."

செயலர் படித்தார்.